மூன்று கல்தச்சர்களும் கேட் வாசலும்

தஞ்சாவூரில் பெரிய கோயில் கட்டிக்கொண்டிருந்த காலத்தில் அங்கே மூன்று கல்தச்சர்கள் வேலை செய்தார்களாம். வழிப்போக்கன் ஒருவன் போய், என்னய்யா செய்கிறீர்கள் என்று கேட்டானாம். முதல் ஆள் நிமிராமலே, கூலிக்குக் கல் உடைக்கிறேன் என்றானாம். இரண்டாமவன், இந்த நாட்டிலேயே நேர்த்தியான கல்வேலை செய்கிறேன் என்றானாம். மூன்றாமவன் மட்டும் தலையைத் தூக்கி, ராஜராஜனுக்குக் கோயில் கட்டுகிறேன் என்றானாம். அரங்கில் கைதட்டல். பேச்சாளர் சற்று நிறுத்தி, சட்டையில் செருகிய மைக்கைச் சரிசெய்துகொண்டு, "இந்த மூவரில் நீங்கள் யார்?" என்று கேட்பார்.

சென்னையில் தண்டையார்பேட்டையிலிருந்து எண்ணூர் வரைக்கும் உள்ள ஏதாவதொரு தொழிற்சாலையில் பத்து வருடம் தள்ளியவருக்கு இந்தக் கேள்வி புதிதாக இருக்காது. மார்ச் 4 தேசியப் பாதுகாப்பு நாள் விழாவில் கேட்டிருப்பார். இல்லாவிட்டால், புதிதாக வந்த ஜெனரல் மேனேஜர் வந்த சூட்டோடு ஏற்பாடு செய்யும் பயிற்சி வகுப்பில் கேட்டிருப்பார். சமோசா தட்டு சுற்றி வருவதற்குச் சற்று முன்னால் கல்தச்சர்கள் வந்துவிடுவார்கள்.

கதை தஞ்சாவூரில் பிறந்ததல்ல. 1927-இல் அமெரிக்க எழுத்தாளர் புரூஸ் பார்ட்டன் எழுதிய நூலில் அது லண்டன் செயின்ட் பால் தேவாலயத்தில் நடக்கிறது. அதைக் கட்டிய கிறிஸ்டோபர் ரென் அங்கே வருகிறார். 1954-இல் நிர்வாகவியல் ஆசான் பீட்டர் டிரக்கர் அதை எடுத்தாண்டார். டிரக்கருக்கு முதல் ஆளைப் பற்றி மனக்குறையே இல்லை. வாங்கும் கூலிக்கு நியாயமாக வேலை செய்வான், அவன் மேலாளர் ஆகமாட்டான், அவ்வளவுதான். அவர் பயந்தது இரண்டாமவனைப் பார்த்து. தன் கைத்திறனிலேயே சொக்கிப்போய், நிறுவனம் எதற்காக நடக்கிறது என்பதை மறந்துவிடக்கூடியவன் அவன்தான் என்றார். நம் அரங்குகளுக்கு வந்து சேர்வதற்குள் டிரக்கரின் எச்சரிக்கை வழியில் எங்கோ உதிர்ந்துவிட்டது. முதல் ஆள் சோம்பேறி ஆகிவிட்டான். இரண்டாமவனைப் பற்றிப் பேச்சே கிடையாது.

இந்தக் கதை சொல்லப்படும் ஏசி ஹாலுக்கும், அதே கம்பெனியின் கேட்டுக்கு வெளியே நடக்கும் வாயிற்கூட்டத்துக்கும் நடந்து போகிற தூரம்தான். இரண்டிலும் பேச்சாளர் ஒருவர் நிற்கிறார். இரண்டிலும் தொழிலைப் பற்றிய கதைதான் சரக்கு. இரண்டிலுமே முக்கால்வாசி இரவல். ஆனால் ஒன்றில் கேட்ட இரவல் வெளியே வந்ததும் ஆவியாகிவிடுகிறது. மற்றதில் கேட்டது ரேஷன் கடை வரிசை வரை கூட வருகிறது. ஏன் இப்படி என்று பார்ப்பதற்காகவே இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் வைக்கிறேன்.

முதலில் ஹால். கேன்டீன் மாடியில் இருக்கும் பயிற்சிக் கூடம். நாற்காலிகளுக்கு வெள்ளை உறை, மேசையில் குடிதண்ணீர் பாட்டில், கழுத்தில் தொங்கும் அட்டையில் பெயர். பேச்சாளர் வெளியூர்க்காரர், அல்லது நகரத்தின் தென்பக்கத்திலிருந்து காரில் வந்தவர். திரையில் தவளைப் படம். கொதிக்கும் நீரில் போட்டால் குதித்துவிடும், மெல்லச் சூடேற்றினால் தெரியாமலே வெந்து சாகும் என்கிறார். உண்மையில் மெல்லச் சூடேற்றினாலும் தவளை குதித்துவிடும். 1869-இல் ஜெர்மானிய உடலியலாளர் ஃபிரெட்ரிஷ் கோல்ட்ஸ் செய்த சோதனையில் அசையாமல் கிடந்தது மூளை நீக்கப்பட்ட தவளை. மூளையுள்ள தவளை தப்பிக்கப் பார்த்தது. பேச்சாளர்கள் மூளையுள்ள தவளையை மறைத்துவிட்டு மற்றதைக் காட்டிவருகிறார்கள். கூடத்தில் உட்கார்ந்திருப்பவர்களில் பாதிப் பேர் பாய்லர் பக்கத்தில் வேலை செய்பவர்கள். வெப்பம் ஏறினால் உடம்புக்கு எப்போது தெரியும் என்பது அவர்களுக்கு அத்துப்படி. ஆனாலும் ஒருவரும் கையைத் தூக்கி "சார், அப்படி இல்லையே" என்று சொல்வதில்லை. கடைசியில் நிரப்பித் தர வேண்டிய கருத்துப் படிவத்தில் எல்லாரும் ஐந்துக்கு ஐந்து போட்டுவிட்டுப் பஸ் பிடிக்கப் போகிறார்கள்.

இப்போது கேட். பிற்பகல் ஷிப்ட் மாறும் நேரம். ஆட்டோவின் தலையில் கூம்பு ஒலிபெருக்கி, பக்கத்தில் கொடி. திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் கண்டெய்னர் லாரிகள் உறுமிக்கொண்டு நிற்பதால் பேச்சாளர் ஒவ்வொரு வாக்கியத்தையும் இரண்டு லாரிகளுக்கு நடுவே நுழைத்துச் சொல்ல வேண்டும். கேட்பவர் உட்காரவில்லை, ஒரு கால் தரையில், ஒரு கால் வண்டியில். டிபன் பை ஹேண்டில்பாரில் ஆடுகிறது. அவருக்கு இருப்பது பதினைந்து நிமிடம், அதற்குள் பிடிக்காவிட்டால் கிக்கரை உதைத்துக் கிளம்பிவிடுவார். பேச்சாளர் போன வருட போனஸ் சதவீதத்தைச் சொல்கிறார். தப்பாகச் சொன்னால் கூட்டத்திலிருந்தே திருத்தம் வரும்: "தோழர், அது எட்டு புள்ளி மூணு மூணு." அவர் திருத்திக்கொண்டு மேலே போவார். கருத்துப் படிவம் இல்லாத குறையை இந்த ஒரு குரல் தீர்த்துவிடுகிறது.

கல்தச்சர் கதையை இங்கே கேட் முன்னால் சொல்லிப் பாருங்கள். கைதட்டு முதல் ஆளுக்குத்தான் விழும். கூலிக்குக் கல் உடைக்கிறேன் என்பதைவிட நேர்மையான பதில் அந்த மூன்றில் வேறு இல்லை என்பார்கள். கோயில் கட்டுகிறேன் என்றவனிடம், கட்டி முடித்ததும் உன்னை உள்ளே விடுவானா என்று ஒருவராவது கேட்பார்.

இதில் வேடிக்கை என்னவென்றால், கதையைத் தஞ்சாவூருக்குக் கொண்டுபோனவர்கள் தஞ்சாவூர்ச் சுவரைப் பார்க்கவில்லை. 1010-இல் நிறைவு பெற்ற அந்தக் கோயிலின் கல்வெட்டுகளைப் போலக் கூலிக் கணக்கு சொல்லும் கட்டடம் அதிகம் கிடையாது. குஞ்சரமல்லன் ராஜராஜப் பெருந்தச்சன் என்று தலைமைத் தச்சனின் பெயர் பொறித்திருக்கிறது. கோயில் பணிக்கு அமர்த்தப்பட்ட 400 தளிச்சேரிப் பெண்டுகளின் பெயர், எந்தத் தெரு, எந்த வீடு, ஒருவருக்கு ஒரு பங்கு, பங்குக்கு ஆண்டுக்கு 100 கலம் நெல் என்று வரிவரியாக இருக்கிறது. நட்டுவர், கொட்டுவோர், கணக்கர், நாவிதர், தையற்காரர் என ஒவ்வொருவருக்கும் பங்கு சொல்லப்படுகிறது. அதாவது "கோயில் கட்டுகிறேன்" என்ற பெருமையோடு நிற்காமல், "எனக்கு இவ்வளவு நெல்" என்பதையும் ராஜராஜன் கல்லில் வெட்டி வைத்தான். முதல் ஆளின் பதில் கோயில் சுவரிலேயே இருக்க, அவனை அந்தக் கோயிலின் பெயராலேயே மட்டம் தட்டுகிறோம். வெளிநாட்டுக் கதையைத் தமிழாக்கியது குற்றமல்ல. தமிழாக்கியவர் தமிழ்நாட்டுப் பக்கம் திரும்பிப் பார்க்காததுதான் இடிக்கிறது.

இனி, இந்த ஹாலும் கேட்டும் இருக்கும் பகுதிக்கே சொந்தமான ஒரு கதையை எடுத்துக்கொள்வோம். 1946-இல் திருவொற்றியூரில் ஒரு கொட்டகையில் கே.எம். மம்மன் மாப்பிள்ளை விளையாட்டுப் பலூன் தயாரிக்கத் தொடங்கினார். 1952-இல் டயர் ரீட்ரெடிங்குக்கான ரப்பருக்கு மாறினார். 1961-இல் அமெரிக்காவின் மான்ஸ்ஃபீல்ட் நிறுவனத்தோடு சேர்ந்து டயர் வந்தது. மெட்ராஸ் ரப்பர் ஃபேக்டரி என்ற பெயரின் முதலெழுத்துகள் இன்று கிரிக்கெட் மட்டை வரை ஒட்டியிருக்கின்றன. 2023 ஜூனில் அதன் ஒரு பங்கின் விலை ஒரு லட்ச ரூபாயைத் தாண்டியது. பலூனிலிருந்து லட்சத்துக்கு! ஊக்கப் பேச்சாளருக்கு இதைவிட என்ன வேண்டும்? சின்னதாகத் தொடங்கு, பெரிதாகக் கனவு காண், கைதட்டு.

ஆனால் கதையின் முன்பாதியை ஹாலில் யாரும் சொல்வதில்லை. மம்மன் மாப்பிள்ளை ஒன்றுமில்லாத வீட்டுப் பிள்ளை இல்லை. அவருடைய தந்தை கே.சி. மம்மன் மாப்பிள்ளை மலையாள மனோரமாவின் ஆசிரியர். வங்கித் தொழிலிலும் இருந்தவர். 1938-இல் திருவிதாங்கூர் நேஷனல் அண்டு குயிலான் வங்கி விழுந்தது, பத்திரிகை மூடப்பட்டது, தந்தை சிறைக்குப் போனார். திவான் சி.பி. ராமசாமி ஐயரோடு ஏற்பட்ட பகையின் விலை அது. மகன் மெட்ராஸ் கிறிஸ்தவக் கல்லூரியில் படித்துக்கொண்டே நொடித்த குடும்பத்தைப் பார்த்தவர். இந்தப் பாதியைச் சேர்த்தால் கதை இன்னும் நன்றாக இருக்கிறது. அரசோடு மோதினால் என்ன ஆகும், சொத்து போனாலும் படிப்பும் தொடர்பும் எப்படிக் கைகொடுக்கும், லைசென்ஸ் காலத்தில் வெளிநாட்டுத் தொழில்நுட்பம் எவ்வளவு அவசியமாக இருந்தது என்றெல்லாம் பேச இடம் கிடைக்கிறது. ஆனால் அதை வைத்து "உன்னாலும் முடியும்" என்று சொல்ல முடியாது. "இன்னின்னது இருந்ததால் அவரால் முடிந்தது" என்றுதான் சொல்ல முடியும். அதற்குக் கைதட்டு குறைவு.

கேட்டில் இதே கதைக்கு வேறொரு பக்கம் முளைக்கிறது. அந்தக் கொட்டகையில் ரப்பர் பாலைக் காய்ச்சியது யார், அச்சை முக்கி எடுத்தது யார், 1946-இல் அவர்களுக்கு நாள் கூலி என்ன? ஹால் கதையில் கொட்டகைக்குள் முதலாளி மட்டும் இருக்கிறார். கேட் கதையில் முதலாளியைத் தவிர மற்றவர்கள் எல்லாரும் இருக்கிறார்கள். இரண்டும் அரைக் கதைதான்.

இதே ரப்பர் நிறுவனத்துக்கு 1964-இல் வந்த டயர் தூக்கும் பயில்வான் சின்னத்தைப் பற்றி விளம்பர உலகில் சொல்லும் செய்தி இங்கே பொருந்தும். விளம்பரக்காரர் அலீக் பதம்சியின் குழுவினர் லாரி ஓட்டுநர்களிடம் போய், டயர் என்றால் உங்களுக்கு என்ன வேண்டும் என்று கேட்டார்களாம். வலு வேண்டும் என்று பதில் வந்ததாம். துறைமுகத்துக்கும் தண்டையார்பேட்டை சரக்கு யார்டுக்கும் இடையே ஓடும் லாரிக்காரர் இன்றைக்கும் அதைத்தான் சொல்வார். அந்த நிறுவனம் சொன்ன கதைகளிலேயே நீண்ட நாள் நின்றது இதுதான். சரக்கைப் பயன்படுத்துகிறவனின் வாயிலிருந்து வந்ததை அவன் கண்ணெதிரே லாரியின் பின்பக்கத்தில் திருப்பிக் காட்டியது. பொய் என்றால் அவனே சொல்லிவிடுவான்.

எது இரவல், எது சொந்தம் என்ற விஷயத்தில் சட்டம் ஓரளவுக்குத்தான் உதவும். கருவுக்கும் கருத்துக்கும் உரிமை கிடையாது, சொன்ன விதத்துக்குத்தான் உண்டு என்று 1978-இல் ஆர்.ஜி. ஆனந்த் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கிவிட்டது. அதனால் கல்தச்சர்களும் தவளையும் யாருக்கும் சொந்தமில்லை. இன்னொரு பக்கம், 1957 பதிப்புரிமைச் சட்டத்தில் பின்னர் சேர்க்கப்பட்ட ஒரு பிரிவு, பொது மேடையில் நிகழ்த்திய பேச்சுக்கு முதல் உரிமையாளர் பேசியவரே என்கிறது. ஆனால் அவர் இன்னொருவர் சார்பாகப் பேசியிருந்தால் உரிமை அந்த இன்னொருவருக்கு. எனக்கு இந்த இரண்டாம் பகுதி மிகவும் பிடித்திருக்கிறது. கேட்டில் நிற்பவரிடம் கேட்டால், என் பேச்சு என்னுடையதே இல்லை, உள்ளே இருக்கும் ஆயிரம் பேருடையது என்பார்.

பேச்சுப் போட்டிக்காரர்கள் சட்டத்தைவிடக் கறார். 1924-இல் கலிபோர்னியாவில் தொடங்கி இன்று சென்னையிலும் பரவலாக உள்ள டோஸ்ட்மாஸ்டர்ஸ் அமைப்பின் போட்டி விதியில் பிறர் சரக்கு நான்கில் ஒரு பங்குக்கு மேல் இருக்கக்கூடாது. அதுவும் யாருடையது என்று பேச்சிலேயே சொல்லிவிட வேண்டும். நல்ல விதிதான். ஆனால் 25 சதவீதத்தை எண்ணுவதால் முக்கியமான திருட்டு பிடிபடுமா?

ஜோ பைடன் விவகாரத்தைப் பாருங்கள். 1987-இல் அமெரிக்க அதிபர் வேட்பாளராவதற்கு முயன்றபோது பிரிட்டிஷ் தொழிற்கட்சித் தலைவர் நீல் கின்னக்கின் பேச்சிலிருந்து ஒரு பகுதியை எடுத்துக்கொண்டார். முன்பெல்லாம் பெயர் சொல்லித்தான் எடுத்தார். அயோவா விவாதத்தில் பெயரை விட்டுவிட்டார். வாக்கியங்களை எடுத்தது பெரிதில்லை. தலைமுறை தலைமுறையாகப் படிக்க வாய்ப்பில்லாத குடும்பம், சுரங்கத்தில் உழைத்த முன்னோர் என்று கின்னக்கின் குடும்பத்தையே தன் குடும்பமாக்கிக்கொண்டதுதான் வினை. அந்தச் செப்டம்பரிலேயே போட்டியிலிருந்து விலக வேண்டியிருந்தது. வாக்கியத்தை இரவல் வாங்கலாம், தாத்தாவை இரவல் வாங்கக்கூடாது. நம் ஊர் ஹால்களில் இது தினமும் நடக்கிறது. புத்தகத்தில் படித்த ஜப்பான் சோப்புக் கம்பெனி "எனக்குத் தெரிந்த ஒரு கம்பெனி" ஆகிறது, அடுத்த கூட்டத்தில் "நான் ஆலோசகராக இருந்த கம்பெனி." கேட்பவரிடம் சரிபார்க்க வழியில்லை என்ற தைரியம்தான் காரணம்.

பழைய கதையைச் சொல்வது தமிழ் மேடைக்கு என்றுமே அவமானமாக இருந்ததில்லை. தொல்காப்பியமே முதல்நூலுக்குப் பக்கத்தில் வழிநூலுக்கும் நாற்காலி போட்டிருக்கிறது. முன்னோர் சொல்லை அப்படியே எடுத்தாள்வதை மரியாதை என்றே நன்னூல் கருதியது. கிருபானந்த வாரியார் முருகன் கதையைச் சொல்லும்போது முடிவு தெரியாதவர் ஒருவர்கூட எதிரில் உட்கார்ந்திருக்கவில்லை. கூட்டத்துக்குக் கதை முழுக்கத் தெரியும் என்பதுதான் அவருக்குக் கடிவாளம். தெரிந்த கதையைத் தப்பாகச் சொல்லித் தப்பிக்க முடியாது.

அரசியல் மேடையும் இரவலில் வளர்ந்ததே. 1949 செப்டம்பரில் ராயபுரம் ராபின்சன் பூங்காவில் கொட்டும் மழையில் தி.மு.க.வின் தொடக்கக் கூட்டத்தில் பேசிய அண்ணா, இங்கர்சாலையும் எமிலி ஜோலாவையும் தமிழ்த் தொழிலாளிக்குப் பரிச்சயமாக்கியவர். ஜோலா என்ற பெயரைச் சொல்லியே கொண்டுவந்தார். தன் பையில் எடுத்துப் போட்டுக்கொள்ளவில்லை. 1923-இல் சென்னைக் கடற்கரையில் சிங்காரவேலர் நடத்திய மே தினம், இந்தியாவிலேயே முதலாவது, அதுவும் சிகாகோவிலிருந்து வந்த இரவல்தான். மீனவக் குடும்பத்தில் பிறந்தவர் கடலோரத்துத் தொழிலாளர் முன்னால் அதைச் சொன்னபோது அது சிகாகோவின் கதையாக மட்டும் இருந்திருக்க முடியாது.

எனக்கு இந்த வரிசையில் தொழிற்சங்கத் தலைவர் வாடியா தனியாகத் தெரிகிறார். பெரம்பூர்ப் பக்கம் பக்கிங்காம் அண்டு கர்நாட்டிக் மில் தொழிலாளர்கள் வேங்கடேச குணாமிர்த வர்ஷணி சபை என்ற பக்திச் சபைக்கு வந்துபோவார்கள். சபையை நடத்திய செல்வபதி செட்டியாரும் ராமானுஜுலு நாயுடுவும் வியாபாரிகள். உபந்நியாசம் கேட்க வந்தவர்கள் சொல்லிச் சொல்லி அழுதது, சாப்பாட்டு இடைவேளை அரை மணி நேரம்தான், சோறு தொண்டையில் இறங்குவதற்குள் ஓடவேண்டியிருக்கிறது என்பது. இருவரும் பி.பி. வாடியாவிடம் போனார்கள். 1918 ஏப்ரல் 27-இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. வாடியா பம்பாயிலிருந்து வந்த பார்சி. ஆங்கிலத்தில் பேச, அது தமிழாக்கிச் சொல்லப்பட்டது. ஒரு நாள்கூட மில்லில் நிற்காதவர், தன் அனுபவமல்லாத ஒன்றை, தன் மொழியல்லாத கூட்டத்துக்குச் சொன்னார். இன்றைய போட்டி விதிப்படி அவருக்குச் சுயம் என்று சொல்ல அநேகமாக ஒன்றும் மிஞ்சாது. ஆனால் பசித்தவர்கள் எதிரிலேயே நின்றார்கள். அரை மணியைக் கால் மணி என்று மிகைப்படுத்தியிருந்தால் அங்கேயே திருத்தியிருப்பார்கள். இடைவேளை 40 நிமிடம் ஆனது. 1920-இல் மில்லை நடத்திய பின்னி நிறுவனம் வழக்குப் போட, வேலைக்குத் திரும்பாதிருக்கத் தொழிலாளரைத் தூண்டக்கூடாது என்று வாடியாவுக்கு உயர் நீதிமன்றம் தடை விதித்தது. அந்த அடியின் எதிரொலியாகவே 1926-இல் தொழிற்சங்கச் சட்டம் வந்தது. இரவல் பேச்சுக்கு இவ்வளவு பின்விளைவு!

எல்லாவற்றையும் சேர்த்துப் பார்க்கையில் எனக்குத் தோன்றுவது இதுதான். பேச்சில் சுயம் என்பது கதை எங்கே பிறந்தது என்பதில் இல்லை. எதிரில் இருப்பவன் "அது அப்படியில்லை" என்று சொல்லக்கூடிய இடத்தில் அதைக் கொண்டுபோய் வைக்கத் துணிவு உண்டா என்பதில் இருக்கிறது. 2017 ஜனவரி 28-இல் எண்ணூர் அருகே பி.டபிள்யூ. மேப்பிள், டான் காஞ்சிபுரம் என்ற இரு கப்பல்கள் மோதியபோது, துறைமுகத் தரப்பின் முதல் அறிக்கை எண்ணெய் மாசு இல்லை என்றது. அதுவும் தொழில் சொன்ன கதைதான். யாரிடமும் இரவல் வாங்கவில்லை. கரை இரண்டே நாளில் பதில் சொன்னது. வாளியால் தார் போன்ற எண்ணெயை அள்ளிக்கொண்டிருந்தவர்களிடம் அந்த அறிக்கையைப் படித்துக் காட்ட யாராலும் முடிந்திருக்காது.

இரவலை உள்ளூர்ச் சரக்காக்குவது எப்படி என்பதற்குத் திருவொற்றியூரிலேயே ஓர் எடுத்துக்காட்டு ஓடிக்கொண்டிருக்கிறது. புல்லட் இங்கிலாந்தின் ரெடிட்ச்சில் பிறந்த வண்டி. 1955-இல் மெட்ராஸ் மோட்டார்ஸும் ரெடிட்ச் கம்பெனியும் சேர்ந்து என்ஃபீல்ட் இந்தியாவைத் தொடங்கின. ஆரம்பத்தில் பெட்டியில் வந்த பாகங்களைப் பூட்டுவதுதான் வேலை. 1962 வாக்கில் எல்லாப் பாகங்களும் இங்கேயே வார்க்கப்பட்டன. 1970-க்குள் தாய்க் கம்பெனி மூடியேவிட்டது. 1977-இல் திருவொற்றியூர் வண்டி இங்கிலாந்துக்கே ஏற்றுமதியானது. பெட்ரோல் டேங்கின் தங்கக் கோட்டை இங்கே கையால் இழுத்துத் தீட்டிவந்தார்கள். அந்தக் கோட்டைக் காப்பி என்று யாரும் சொல்லத் துணியமாட்டார்கள். ஹால் பேச்சாளரின் கல்தச்சர் கதை இன்னும் பெட்டியில் வந்த நிலையிலேயே நிற்கிறது. ராஜராஜன் என்ற ஸ்டிக்கர் மட்டும் உள்ளூர்த் தயாரிப்பு.

கேட்டுக்குப் பாராட்டு மடல் வாசிக்கும் உத்தேசம் எனக்கில்லை. அங்கேயும் துருப்பிடித்த சரக்கு ஏராளம். போனஸ் கணக்கில் துல்லியமாக இருந்த அதே பேச்சாளர், முடிக்கும்போது ஐம்பது வருடத்துக்கு முந்தைய முடிவுரையைத் தூக்கி வைத்துவிடுவார். உலக முதலாளித்துவம் அடுத்த வாரம் சரிந்துவிடும் என்பார். அந்த இடத்தில்தான் வண்டிகள் ஸ்டார்ட் ஆகின்றன. பழைய வேலைநிறுத்த வெற்றியைச் சொல்லும்போது தோல்விகள் காணாமற்போகும். 1921 பின்னி வேலைநிறுத்தத்தில் சாதியால் தொழிலாளர் பிளந்துபோய்ப் புளியந்தோப்பில் கலவரம் நடந்ததை எந்தக் கேட்டிலும் நான் கேட்டதில்லை. இன்னொன்று, ஒப்பந்தத் தொழிலாளர்கள். சீருடை நிறம் வேறு, அவர்கள் கூட்டத்துக்குள் வருவதில்லை. சாலைக்கு எதிர்ப்புறம் டீக்கடை நிழலில் நின்று கேட்கிறார்கள், காண்டிராக்டரின் ஆள் பார்த்துவிட்டால் நாளைக்கு வேலை இருக்காது. அவர்களைப் பற்றிப் பேச்சாளர் சொல்வது தப்பாக இருந்தாலும் அங்கிருந்து திருத்தம் வராது. அந்த அளவுக்கு கேட்டும் ஹால்தான்.

ஹாலுக்கும் சில நேரம் கதவு திறக்கும். தண்டையார்பேட்டையில் லேத் பட்டறைக்காரர்கள் கூடும் சிறு கூட்டம் ஒன்று. கல்யாண மண்டபத்தின் சாப்பாட்டு அறை, மின்விசிறி, நாற்பது பிளாஸ்டிக் நாற்காலி. மூத்த பட்டறைக்காரர் ஒருவரைப் பேசச் சொன்னார்கள். மகன் எங்கிருந்தோ எழுதிக்கொடுத்த தாளை விரித்துத் தவளையில் தொடங்கினார். பாதித் தவளை வெந்துகொண்டிருக்கையில் பின்னாலிருந்து ஒருவர், "அண்ணே, அத்த வுடு. பெரிய கம்பெனி பில்லு நின்னு போச்சே, எப்படி வாங்கின? அத்தச் சொல்லு" என்றார். தாளை மடித்துப் பையில் வைத்தார். கிரைண்டிங் முடித்து அனுப்பிய ஷாஃப்டுகளில் அளவு சரியில்லை என்று நாலு மாதம் பணத்தை நிறுத்தியது, ரிஜெக்ட் ஆனதைத் திருப்பித் தரச் சொல்லிக் கேட்டால் ஒன்றுகூடத் திரும்பி வராதது, கடைசியில் மைக்ரோமீட்டரோடு அவர்கள் ஸ்டோருக்கே போய் நின்றது எல்லாம் வந்தது. யாரும் செல்போனைப் பார்க்கவில்லை.

"சட்டமே இருக்குப்பா, நாப்பத்தஞ்சு நாள்ல குடுத்தாவணும்" என்று முடித்தார்.

முன்வரிசையில் ஓர் இளைஞன் எழுந்தான். "அண்ணே, எழுத்துல அக்ரிமெண்ட் இருந்தாத்தான் நாப்பத்தஞ்சு வரைக்கும். இல்லன்னா பதினஞ்சு நாள்தான். 2006 சட்டத்துல அப்டிதான் இருக்கு."

"பதினஞ்சா? அப்ப இன்னும் நல்லதாச்சே."

"நல்லதுதான். ஆனா கேஸ் போட்டா அடுத்த ஆர்டர் வருமாண்ணே?"

அதற்குப் பெரியவரிடம் பதில் இல்லை. இன்னொருவர் தன் கதையைத் தொடங்கினார், அவரை மறித்து வேறொருவர். வட்டி கிடைத்தது என்றார் ஒருத்தர், எனக்குக் கிடைத்தது ஆர்டர் ரத்துக் கடிதம்தான் என்றார் அடுத்தவர். நன்றியுரை சொல்ல இருந்தவர் கையில் மைக்கை வைத்துக்கொண்டு முக்கால் மணி நேரம் நின்றார்.